மூணில் ஒருத்தர் லீவு!

மேற்குத் தாம்பரத்தில் எதிர்வீட்டுக்காரர் தன் பழைய மாருதி 800-க்குப் புது பிளக் போட்டார். ஸ்டார்ட் பண்ணினால், மார்கழிக் குளியல் போட்டவர் மாதிரி உதறல்! "டூப்ளிகேட் சார்!" என்று கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பினார். தடுத்தேன்.

1983-ல் பிறந்ததிலிருந்து 2014-ல் தயாரிப்பு நின்றவரை அந்த வண்டிக்கு மூணே சிலிண்டர். மூணு பேர் ஆபீஸில் ஒருத்தர் லீவு போட்ட கதைதான். பானெட்டைத் திறந்தால், நடு பிளக் ஒயர் பட்டும் படாமலும் நிற்கிறது. ஒரு அமுக்கு, 'டக்'! உதறல் போச்சு.

நீங்களும் இன்ஜினை ஆஃப் பண்ணி, ஆறவிட்டு அமுக்கிப் பாருங்க. ஒயர் இடம் மாறியிருக்கா? முனை இடைவெளி சரியா? கை தவறிக் கீழே விழுந்த பிளக்னா பீங்கான்ல விரிசல் இருக்கலாம்; மாத்திடுங்க. "ஓடுதே, போதும்"னு ஜி.எஸ்.டி. ரோட்டுல இறக்கினா, எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியா போகும். லிட்டர் என்ன விலைன்னு நான் வேற சொல்லணுமா?