உயரம் வேறு, வீடு வேறு

நகரத்தின் நடுவே ஒரு பூங்கா. அதை ஒட்டி வானளாவிய கட்டடம் ஒன்று வரப்போகிறது என்று அறிவிப்பு வருகிறது. எந்த ஊரானாலும் உடனே ஒரே வாதம்தான் கிளம்புகிறது. எதிர்ப்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகளாம்; வீடு கிடைக்காமல் அலைகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் புல்லுக்கும் மரத்துக்கும் கண்ணீர் விடுகிறவர்களாம். உயரமாகக் கட்டினால் வீடு பெருகும், வீடு பெருகினால் வாடகை இறங்கும் என்கிறார்கள். படித்தவர்களும் இதை அப்படியே நம்புகிறார்கள். நியூயார்க்கைப் பாருங்கள் என்று உதாரணமும் காட்டுகிறார்கள்.

நியூயார்க்கையே பார்ப்போம். சென்ட்ரல் பார்க்கின் தெற்கு எல்லைக்கு அருகே 57ஆம் தெருவிலும் அதைச் சுற்றியும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எழுந்த கோபுரங்களை அங்கே ‘கோடீஸ்வரர் வரிசை’ என்றே அழைக்கிறார்கள். அதில் மேற்கு 57ஆம் தெரு 111ஆம் எண் கட்டடத்தின் உயரம் 435 மீட்டர். அதில் இருக்கும் வீடுகள், கீழே சேர்ந்திருக்கும் பழைய ஸ்டைன்வே பியானோ நிறுவனக் கட்டடத்தில் உள்ளவற்றையும் கணக்கில் எடுத்தால், 60. கொஞ்சம் தள்ளி நிற்கும் சென்ட்ரல் பார்க் டவர் 472 மீட்டர். அதில் 179 வீடுகள். நம்மூரில் நான்கு மாடி அடுக்ககங்களாலான ஒரு நடுத்தரக் குடியிருப்பு வளாகமே இதைவிட அதிகக் குடும்பங்களுக்கு இடம் தருகிறது.

இவ்வளவு உயரத்தில் இவ்வளவு குறைந்த வீடுகள் எப்படி? அங்கே பல இடங்களில் கட்டடத்துக்கு உயர வரம்பு கிடையாது. தளப்பரப்புக்குத்தான் வரம்பு. அக்கம்பக்கத்துத் தாழ்ந்த கட்டடங்கள் பயன்படுத்தாமல் விட்ட கட்டும் உரிமையை பில்டர் விலைக்கு வாங்குகிறார். வாங்கியதையெல்லாம் ஒரு குறுகிய மனையின் மேல் குவிக்கிறார். தளத்துக்கு ஒரு வீடு, சில இடங்களில் இரண்டு தளத்துக்கு ஒரு வீடு. கூரைகள் சாதாரண வீட்டுக் கூரையைவிட வெகு உயரம். போதாததற்கு இயந்திரத் தளங்கள் தளப்பரப்புக் கணக்கில் வருவதில்லை. பார்க் அவென்யூ 432ஆம் எண் கோபுரத்தில் பன்னிரண்டு தளத்துக்கு ஒருமுறை காற்று ஊடுருவிப் போகும்படி ஆளில்லாத தளங்கள் திறந்து கிடக்கின்றன. 2019இல் நகர நிர்வாகம் சில வட்டாரங்களில் மட்டும் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தது. உயரம் கூடக்கூட மேல் வீடுகளின் ஜன்னலில் பூங்கா முழுசாகத் தெரியும்; விலையும் ஏறும். அந்த உயரத்தின் நோக்கம் குடும்பங்களைக் குடியமர்த்துவது அல்ல. காட்சியை விற்பது.

யாருக்கு விற்றார்கள்? 2019 ஜனவரியில் பூங்காவின் தெற்கு ஓரத்தில் 220ஆம் எண் கட்டடத்தில் ஒரு வீட்டை நிதித்துறைச் செல்வந்தர் கென் கிரிஃபின் 23.8 கோடி டாலருக்கு வாங்கினார். அதற்கு முன் அமெரிக்காவில் எந்த வீடும் அந்த விலைக்குப் போனதில்லை. இப்படிப்பட்ட வீடு ஒன்று கூடுவதால் அதே நகரத்தின் குயின்ஸ் பகுதியிலோ பிராங்ஸ் பகுதியிலோ ஒரு செவிலியரின் வாடகை எப்படி இறங்கும்? இறங்குவது இருக்கட்டும், இவற்றுக்கு வரிச்சலுகையும் தந்தார்கள். ஒன்57 என்ற கோபுரத்துக்குக் கிடைத்த சொத்துவரிச் சலுகையை நகரத்தின் சுயேச்சை நிதிநிலை அலுவலகம் 2015இல் கணக்கிட்டது: 6.56 கோடி டாலர். அதற்கு ஈடாக பிராங்ஸில் கிடைத்தவை 66 குறைந்த விலை வீடுகள். அதே பணத்தை நகரம் நேரடியாகச் செலவிட்டிருந்தால் சுமார் 370 வீடுகள் கட்டியிருக்கலாம் என்றது அந்த அலுவலகம். வீட்டுப் பஞ்சத்தின் பெயரால் வாதாடுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து நிழல். நமக்கு இது எளிதில் உறைக்காது. சித்திரை வெயிலில் நிழல் தேடி ஒதுங்குகிறவர்கள் நாம். ஆனால் நியூயார்க்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பம் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே இருக்கும். டிசம்பர் இறுதியில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 26 பாகைக்கு மேல் ஏறாது. அந்த வேளையில் 472 மீட்டர் கோபுரத்தின் நிழல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வடக்கே நீளும். அதே கோபுரம் சென்னையில் நின்றால் அதே நாள் நண்பகலில் நிழல் 350 மீட்டரோடு முடிந்துவிடும். நியூயார்க்கில் கோபுரத்துக்கு நேர் வடக்கே கிடப்பது பூங்கா; அதன் தென்பகுதியில்தான் குழந்தைகளின் ஹெக்‌ஷர் விளையாட்டுத் திடலும் ராட்டினமும் இருக்கின்றன. குளிர்காலத்தில் கிடைக்கும் சில மணி நேர வெயிலுக்காகக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருகிற தாய் மீது விழுவது இந்த நிழல். நகர்ந்துகொண்டே இருக்கிற மெல்லிய நிழல்தானே, பத்து நிமிடத்தில் போய்விடும் என்று பில்டர் தரப்பு சொல்கிறது. ஒரு கோபுரமானால் சரி. வரிசையாக நிற்கும்போது ஒன்றின் நிழல் விலகும் முன் அடுத்தது வந்துவிடுகிறது.

அந்தப் பூங்கா யாருடையது என்பதையும் சொல்லியாக வேண்டும். 843 ஏக்கர். 1850களில் பொதுநலன் என்ற பெயரில் நகரம் எடுத்துக்கொண்ட நிலம் அது. அங்கே செனகா வில்லேஜ் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு இருந்தது. சொந்த வீடும் தேவாலயமும் பள்ளியும் வைத்து வாழ்ந்தவர்களை 1857இல் வெளியேற்றினார்கள். ஏழைகளை எழுப்பிவிட்டுப் பொதுச் சொத்தாக்கிய இடத்தின் வெயிலை இன்று சிலர் விலையில்லாமல் எடுத்துக்கொண்டு, ஜன்னல் காட்சியாக மறுவிலைக்கு விற்கிறார்கள். இது சந்தை அல்ல. அபகரிப்பு.

எதிர்த்தரப்பிடம் ஒரு வலுவான உதாரணம் இருக்கிறது; அதை மறைப்பது நேர்மையாகாது. சான் பிரான்சிஸ்கோவில் பூங்கா நிழலைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை 1984இல் வாக்காளர்களே கொண்டுவந்தார்கள். 2019இல் அங்கே ஒரு சிறு பூங்காவின் அருகே ஏழு மாடியில் 63 வீடுகள் கட்டும் திட்டத்தை நிழலைக் காரணம் காட்டி நகரசபை தடுத்தது. வீடில்லாதவர்கள் நிறைந்த ஊரில் அந்த முடிவை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் எண்ணைக் கவனியுங்கள். அங்கே ஏழு மாடியில் 63 வீடுகள். நியூயார்க்கில் 435 மீட்டரில் 60. முதல் திட்டம் நிழலால் நின்றுபோனது. இரண்டாவது கோபுரம் பூங்காவில் போடும் நிழலைப் பற்றி ஒரு பொது விசாரணை நடத்தக்கூடச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இந்த உதாரணம் நிரூபிப்பதும் உயரத்துக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதைத்தான்.

எதிர்த்து என்ன பயன், பணம் ஜெயித்துவிடும் என்பது சோம்பலின் பேச்சு. 1987 அக்டோபரில் நியூயார்க்கில், சென்ட்ரல் பார்க்கின் தென்மேற்கு மூலையில் உள்ள கொலம்பஸ் சர்க்கிளில் 925 அடிக் கோபுரம் வரவிருந்தபோது நூற்றுக்கணக்கானவர்கள் சென்ட்ரல் பார்க்கில் வரிசையாக நின்று கறுப்புக் குடைகளை விரித்து, நிழல் எதுவரை விழும் என்று காட்டினார்கள். மறைந்த அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் ஒனாசிஸும் அந்தப் போராட்டத்தில் இருந்தார். மனை விற்பனையை நீதிமன்றம் ரத்து செய்தது. பல ஆண்டுகள் கழித்து அங்கே வந்த கட்டடம் 750 அடியோடு நின்றது.

பாஸ்டனில் இதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். பாஸ்டன் காமன் பூங்காவில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் புதிய நிழல் விழக்கூடாது என்று 1990இலும், பக்கத்துப் பப்ளிக் கார்டனுக்கு 1993இலும் மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் போட்டது. பாஸ்டன் வளராமல் போய்விட்டதா? அதன் பிறகும் 680 அடி, 740 அடிக் கோபுரங்கள் அங்கே எழுந்தன. 2017இல் வின்த்ராப் சதுக்கத்து மாநகராட்சி மனையை 15 கோடி டாலருக்கும் மேல் விற்பதற்காக அந்தச் சட்டத்துக்கு விலக்கு தந்தார்கள். வந்த பணத்தில் பூங்காக்களுக்கும் பொதுக் குடியிருப்புகளுக்கும் பங்கு உண்டு என்றாலும் அது தவறான முன்னுதாரணம். பணம் தந்தால் சட்டம் வளையும் என்று அடுத்த பில்டருக்குச் சொல்லிக்கொடுத்தது. அதே திட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. 750 அடிக்கு மேல் திட்டமிட்ட அந்தக் கட்டடம், லோகன் விமான நிலையத்தின் வான்வழிக்கு இடைஞ்சல் என்றதும் 691 அடிக்கு இறங்கியது. திட்டம் கைவிடப்படவில்லை, கட்டி முடித்தாகிவிட்டது. விமானத்துக்காக உயரத்தைக் குறைக்க முடிகிறவர்களுக்குக் குழந்தைகளுக்காகக் குறைக்க முடியாதா?

பூங்கா ஓரத்தில் கோபுரம் வேண்டும் என்று யார் வந்து பேசினாலும், எத்தனை அடி என்று வியக்காதீர்கள். எத்தனை வீடு, மாத வாடகை என்ன, டிசம்பர் நண்பகலில் நிழல் எதுவரை விழும் என்று கேளுங்கள். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராமல் எந்த நகரசபையும் அனுமதி தரக்கூடாது. நியூயார்க் தன் பூங்காக்களின் வெயிலைக் காக்கச் சட்டம் இயற்ற வேண்டும்.