பரணில் கிடக்கும் நைட்ரோ கார்களுக்கு மின்சாரம் கொடுப்போம்

ரிமோட்டில் ஓடும் நைட்ரோ பந்தயக் கார் வீட்டில் இருந்தால், அதை மின்சாரத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்த வேலையை நம் ஐடிஐ மாணவர்களின் கையால் செய்ய வையுங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பல்சக்கரம் வெட்டும் பட்டறை நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பிள்ளைகள் கொண்டுவரும் இந்தக் கார்களை மாற்றிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு. அரை மீட்டர் நீளம், மூன்றரைக் கிலோ எடை. அதில் 3.5 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழலும். எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். மீதி நைட்ரோமீத்தேனும் எண்ணெயும். 125 மில்லி டேங்க் பத்து நிமிடம்கூடத் தாங்காது. இந்த எரிபொருள் பெட்ரோல் பங்க்கில் கிடைக்காது, விலையோ பெட்ரோலைவிடப் பல மடங்கு. சத்தம் தெருவையே கூட்டும். ஆசையாக வாங்கியவை பரணுக்குப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

காசையும் சத்தத்தையும் விடுங்கள், எனக்குப் பெரிய கவலை மெத்தனால்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சில மில்லி உள்ளே போனாலே பார்வையைப் பறித்துவிடும் பொருள் அது. தீப்பற்றினாலும் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒன்றைப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமானோடு வீட்டு அலமாரியில் வைத்திருப்பது எந்த விதத்தில் நியாயம்?

மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் சுத்தமான வேலை. எஞ்சின், டேங்க், சைலன்சர், ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்குமான சர்வோ எல்லாம் வெளியே வந்துவிடும். சேசிஸ், ஷாக் அப்சார்பர், டிஃபரன்ஷியல்கள் அப்படியே இருக்கும். நடு டிஃபரன்ஷியலில் உள்ள 46 பல் சக்கரத்தோடு மோட்டாரின் 14 பல் பினியன் சேர வேண்டும். இரண்டும் பல் அளவில் ஒரு மாட்யூல் என்பதால் மையத்துக்கு மையம் 30 மில்லிமீட்டர். பினியனில் ஒரு பல் கூடினால் அந்தத் தூரம் அரை மில்லிமீட்டர் நகரும். அதனால் மோட்டாரைத் தாங்கும் அலுமினியத் தகட்டில் வட்டத் துளை போடாமல் நீள்துளை போடுகிறோம். பற்களுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை ஓட்டி, அது கிழியாமல் மடிந்து வந்தால் இடைவெளி சரி. மோட்டார் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2,000 சுற்று. நான்கு செல் லித்தியம் பேட்டரியின் 14.8 வோல்ட்டில் அது 29,600 சுற்று. அதாவது பழைய எஞ்சினின் வேகத்துக்கு வெகு பக்கம். அதனால் பழைய பல் விகிதமே போதும். தொழிற்பேட்டையில் மில்லிங் மெஷின் வைத்திருக்கும் எந்தப் பட்டறையிலும் இந்தத் தகட்டைச் செய்துவிடலாம்.

நைட்ரோ பிரியர்களின் மறுப்பு எனக்குத் தெரியும். கார்புரேட்டர் ஊசியைக் கால் சுற்றுத் திருப்பி, புகையைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும் எஞ்சினைப் பதமாக்குவது ஒரு கைத்திறமை. அதை நான் மதிக்கிறேன். லித்தியம் பேட்டரியும் தீப்பிடிக்கும் என்பார்கள், அதுவும் உண்மை. ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. உப்பிய பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தவே கூடாது. தூங்கும்போது சார்ஜ் போடக் கூடாது. ஆனால் இன்று மின் ஸ்கூட்டர் இல்லாத தெரு எது? இந்த ஒழுக்கம் எல்லா வீட்டுக்கும் தேவைப்படுகிறது. பிள்ளைகள் அதைச் சின்ன பேட்டரியிலேயே கற்றுக்கொள்ளட்டும்.

இதில் ஐடிஐகளுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. சாலையில் ஓடும் ஆட்டோவையோ காரையோ மின்சாரத்துக்கு மாற்றுவதென்றால் ஏஐஎஸ்-123 தரவிதிப்படி சான்று பெற்ற கிட் வேண்டும், ஆர்டிஓ பதிவில் மாற்றம் வேண்டும். மாணவன் கைவைத்துப் பழக அங்கே இடம் குறைவு. விளையாட்டுக் காருக்கு இந்த அனுமதி எதுவும் வேண்டாம். மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, பல் விகிதம், எடைச் சமநிலை என மின் வாகனத்தின் முக்கியப் பாடங்கள் ஒரே மேசையில் கிடைத்துவிடும்.

தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஐஐடி மெட்ராஸ் மாணவர்களின் ரஃப்தார் அணி 2022-இல் தன் முதல் மின் பந்தயக் காரைக் காட்டியது. அம்பத்தூரிலேயே மின் ஆட்டோ தயாராகிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960-களிலிருந்து டாங்கிகள் உருவாகின்றன. இவ்வளவு கைகள் உள்ள வட்டாரத்தில் நம் பிள்ளைகள் முதல் மோட்டாரைத் தங்கள் கையால் பொருத்துவது பதினாறு வயதிலேயே நடக்க வேண்டும்.

ஐடிஐ முதல்வர்கள் ஒரு பருவத்துக்கு ஒரு காரையாவது செயல்முறை வேலையாக வையுங்கள். பட்டறை உரிமையாளர்கள் மாதம் ஒரு ஞாயிறு மெஷினைத் திறந்துவிடுங்கள். பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள்: காரைத் தூக்கிப்போடாதீர்கள். மிச்ச எரிபொருளைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். காரை அருகிலுள்ள ஐடிஐக்குக் கொடுங்கள், மாற்றும் வேலை நடக்கும்போது உங்கள் பிள்ளையையும் கூடவே அனுப்புங்கள்.