ஒரு மாத்திரைதானே!

கழுத்தில், செயின் கிடக்கிற இடத்துக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு தழும்பு. சில பெண்கள் துப்பட்டாவால் மறைத்திருப்பார்கள். சில ஆண்கள் காலர் பட்டன்வரை போட்டிருப்பார்கள். அவர்களில் பலருக்கு உடம்பில் தைராய்டு சுரப்பியே கிடையாது. கட்டியோ, புற்றுநோயோ, வேறு காரணமோ, ஆபரேஷன் செய்து முழுதாக எடுத்துவிட்டார்கள்.

இவர்களைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஒரே பதில்தான் வருகிறது. "அதுக்கென்ன சார், தினம் ஒரு மாத்திரைதானே!" டாக்டர் சொல்கிறார். கம்பெனி எச்.ஆர். சொல்கிறார். மாமியார் சொல்கிறார். இந்த 'ஒரு மாத்திரைதானே'யோடுதான் இந்த வாரம் எனக்குச் சண்டை.

முதலில் அந்த மாத்திரைக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுகிறேன். ஸ்விட்சர்லாந்தில் தியோடர் கோஹர் என்று ஒரு சர்ஜன். தைராய்டு ஆபரேஷனில் உலகத்துக்கே வாத்தியார். முழுச் சுரப்பியையும் எடுத்த தன் பழைய நோயாளிகளை 1883-ல் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். வந்த 18 பேரில் 16 பேர் உடல் வீங்கி, மனம் மந்தமாகி, ஆளே மாறிப்போயிருந்தார்கள். ஆபரேஷன் வெற்றி, மனிதர்கள் தோல்வி! அதைப் பார்த்து அதிர்ந்த கோஹர், சாதாரணக் கட்டிகளுக்கு முழுச் சுரப்பியையும் எடுப்பதை நிறுத்தினார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். 1914-ல் அமெரிக்காவில் கெண்டல் தைராக்ஸினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய மாத்திரை. அது இல்லாவிட்டால் சுரப்பி இல்லாதவர்களுக்கு வாழ்க்கை இல்லை. அது இருந்தால் வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு. 'தைராய்டு எடுத்த பொண்ணா, வேண்டாம்' என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

ஆக, மாத்திரையில் குறையில்லை. 'தானே'யில்தான் குறை.

அந்த மாத்திரைக்கு என்று சில நியமங்கள் இருக்கின்றன. வெறும் வயிற்றில் போட வேண்டும். போட்ட பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் டீ, காபி, டிபன் எதுவும் கூடாது. தைராய்டை எடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் மாத்திரையும் சேரும். அதை தைராக்ஸினோடு சேர்த்து விழுங்கக் கூடாது, நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். ரத்தச் சோகைக்குத் தரும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே கதைதான். டோஸை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை. கர்ப்பமானால் பெரும்பாலும் டோஸைக் கூட்ட வேண்டும், அதுவும் உடனே.

காலை ஏழு மணிக்கு எழுந்து, மாத்திரை போட்டு, பேப்பர் படித்து, எட்டு மணிக்குக் காபி குடிக்கிறவருக்கு இது 'ஒரு மாத்திரைதானே'. சரி. இப்போது கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள்.

சிப்காட்டில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இந்த வாரம் ஆறு மணி ஷிஃப்ட். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து அவரை ஏற்றிப் போக கம்பெனி வேன் நாலே முக்காலுக்கு வந்து நிற்கும். அடுத்த வாரம் மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். அதற்கடுத்த வாரம் ராத்திரி பத்து மணிக்குப் போய் விடிந்தபின் வர வேண்டும். இவருக்கு எது காலை? எது வெறும் வயிறு? டீ பிரேக்கும் சாப்பாடும் கம்பெனி கடிகாரத்தில் ஓடுகின்றன. மாத்திரை உடம்பின் கடிகாரத்தில் ஓடுகிறது. கடைசிச் சாப்பாட்டிலிருந்து மூன்று, நாலு மணி நேரம் கழித்துத் தூங்கப் போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 'நீ என்ன ஷிஃப்ட்மா?' என்று டாக்டர் கேட்டால்தானே அந்த வழி திறக்கும்? வெளிநோயாளிகள் வரிசையின் நீளத்தில் அந்தக் கேள்விக்கு ஏது நேரம்?

அப்புறம் வெயில். இந்த மாத்திரையைச் சூடும் ஈரமும் வெளிச்சமும் படாமல் வைக்க வேண்டும். கோடையில் வெயில் கொளுத்தும் ஊர்கள் என்று செய்தியில் வாசிக்கும்போது அடிக்கடி வருகிற திருத்தணி, திருவள்ளூர் மாவட்டம்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை அறையில், இரும்பு உருக்கும் ஆலையின் லாக்கரில், அந்த மாத்திரை என்ன கதியில் இருக்கும் என்று யோசியுங்கள்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒரு நாள் மாத்திரையை விட்டால் ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் இருக்கும் தைராக்ஸின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் ஆபத்து மெதுவாக வரும். சில வாரங்கள் கழித்து உடம்பு கனக்கும், குளிரும், மலம் இறுகும், மறதி வரும், காரணமில்லாமல் அழுகை வரும். கை ஓடாது. மெஷின் முன்னால் கை ஓடாமல் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவரைக் கேளுங்கள். ஆனால் சூப்பர்வைசர் வாயிலிருந்து வருவது ஒரே சொல்தான்: "சோம்பேறி!"

ஹார்மோன் குறைந்தவரைச் சோம்பேறி என்று திட்டுவது, நொண்டுகிறவரைப் பார்த்து 'ஸ்டைலாக நடக்கிறான்' என்பதற்குச் சமம்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போட்டே பேசுகிறேன். மாத்திரை விலை, டோஸையும் கம்பெனியையும் பொறுத்துக் கொஞ்சம் மாறினாலும், ஒரு டீயைவிடக் குறைவு. அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இருக்கிறது, விலைக் கட்டுப்பாடும் உண்டு. ஒரு மாத்திரை 2 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 730 ரூபாய். அதே மாத்திரையை இலவசமாக வாங்க மாதத்தில் ஒரு நாள் லீவு போட வேண்டி வந்தால்? தினக்கூலி 500 ரூபாய் என்று வையுங்கள். 12 நாளுக்கு 6,000 ரூபாய். காசு கொடுத்தால் 730, இலவசம் என்றால் 6,000! அந்த ஒரு நாள் லீவுக்கு இ.எஸ்.ஐ.யில் பணம் வருமா? நோய்க்கால உதவித்தொகை என்று 70 சதவீதச் சம்பளம் தருவது உண்மைதான். ஆனால் உடம்புக்கு முடியாமல் போன முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாக அது கிடையாது என்பதுதான் ஆண்டாண்டுகால விதி. ஒரு நாள் லீவு எப்போதும் அந்த இரண்டு நாளுக்குள்தான் விழும்.

இத்தனைக்கும் இவர் கொடுக்காமல் கேட்கவில்லை. 2019 ஜூலையிலிருந்து சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியிடமும், 3.25 சதவீதம் முதலாளியிடமும் இ.எஸ்.ஐ.க்காகப் பிடிக்கிறார்கள். தர்மம் அல்ல, சந்தா!

ரத்தப் பரிசோதனைக்கு எங்கே போவது? மாவட்டத் தலைநகர் திருவள்ளூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம் என்பது மேப்பில்தான். ரயிலில் போக வேண்டுமானால் பேசின் பிரிட்ஜ் பக்கம்வரை வந்து, இன்னொரு லைனில் மாறி, மறுபடி மேற்கே போக வேண்டும். அதற்குப் பதில் நேராக சென்னைக்கே வந்துவிடலாம். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. நாளமில்லாச் சுரப்பிகளின் அறுவை சிகிச்சைக்கென்றே அங்கே தனித் துறை இருக்கிறது. சுரப்பியை எடுக்க ஒரு தரம் அங்கே வரலாம். 'மாத்திரை சரியா வேலை செய்யுதா' என்று பார்க்க ஆயுசு முழுக்க ரயிலேற வேண்டுமா?

இந்தச் சந்தில் புகுந்துவிடுகிறவர்கள் டி.வி.யில் காலை நேர ஸ்லாட் வாங்கியிருக்கும் வைத்திய சிகாமணிகள். "தைராய்டு மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள், 48 நாளில் சுரப்பியைத் தூண்டுகிறோம்" என்கிறார்கள். அய்யா, சுரப்பியே இல்லாதவருக்கு எதைத் தூண்டுவீர்கள்? அவர் மாத்திரையை நிறுத்தினால் கடைசியில் மயக்கத்தில், மரணத்தில் முடியலாம். இது சித்தாவா அலோபதியா என்ற சண்டையே அல்ல. வெறும் உடற்கூறு.

"ஒவ்வொரு வியாதிக்கும் சலுகை கொடுத்தா கம்பெனி நடத்த முடியுமா?" என்று எச்.ஆர். நண்பர்கள் கேட்பார்கள். கேட்பது சலுகை இல்லை சார். பட்டியல் இதோ:

1. நிலையாக இருக்கும் நோயாளிக்கு மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுங்கள். இ.எஸ்.ஐ. மருந்தகமானாலும் சரி, ஆரம்ப சுகாதார நிலையமானாலும் சரி. பன்னிரண்டு லீவு நாலாகிவிடும். அரசாங்கத்துக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

2. டி.எஸ்.எச்.சுக்கு ரத்தத்தைக் கும்மிடிப்பூண்டியிலேயே எடுங்கள். ட்யூப் ரயிலேறட்டும், ஆள் ஏற வேண்டாம். ரிசல்ட் போனுக்கு வரட்டும்.

3. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று தொழிற்சாலைக்குள்ளும் போனார்கள். நல்ல காரியம். சுரப்பி இல்லாதவரின் மாத்திரைக்கும் அந்தப் பையில் இடம் வேண்டும்.

4. ஆபரேஷன் முடிந்து டோஸ் நிலைப்படும்வரை சில மாதங்கள் ஷிஃப்டை மாற்றாதீர்கள். ஒரே ஷிஃப்ட் போதும்.

5. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், 40 வயது தாண்டியவருக்கு வருஷா வருஷம் இலவச மருத்துவப் பரிசோதனை உண்டு என்கிறது மத்திய அரசு. அதில் டி.எஸ்.எச்.சையும் சேருங்கள். தைராய்டு 40 வயதுவரை காத்திருந்து வருகிற வியாதி அல்ல. ஆபரேஷன் ஆனவருக்கு வயசு பார்க்காதீர்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது, வாசகரே. உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ கழுத்தில் தழும்போடு ஒருவர் இருந்தால், அவர் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகும்வரை காபி டம்ளரை நீட்டாதீர்கள். நேற்றுவரை சுறுசுறுப்பாக இருந்தவர் திடீரென்று தளர்ந்தால் திட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: "கடைசியா எப்ப பிளட் டெஸ்ட் எடுத்தீங்க?"

மாத்திரை 2 ரூபாய்தான். அதைப் போடத் தேவையான அந்த ஒரு மணி நேரம், அதை வாங்கத் தேவையான அந்த ஒரு நாள், இந்த இரண்டையும் யார் கொடுப்பது? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் 'தானே' போடுங்கள்.