பழைய பிக்-அப்பில் ஸ்டியரிங் ஆட்டம்: வெல்டிங் வச்சு ஓட்டலாமா?

இண்டூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகச் சேலத்துக்கு லோடு போகும் பிக்-அப், தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். விபத்துக்குப் பேர்போன அந்த இறக்கத்தில் பிரேக்கைப் பற்றி எல்லாரும் பேசுவாங்க. ஸ்டியரிங் ஷாஃப்ட் பற்றிப் பேச்சே இல்லை.

ஷாஃப்ட் என்ன செய்யுது?

ஸ்டியரிங் வீலையும் ஸ்டியரிங் பாக்ஸையும் இணைக்கும் தண்டு இது. அதிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்தால், வீலைத் திருப்பியும் டயர் உடனே திரும்பாது. பள்ளத்தில் இறங்கும்போது 'டக்'கென்று கையில் தட்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 98-வது விதிப்படி, ஸ்டியரிங் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளி, அவ்வளவுதான். 8 ஆண்டு கடந்த சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கணும். ஆனால், அது ஒருநாள் சோதனை. மீதி 364 நாளும் பொறுப்பு ஓட்டுறவங்களுக்குத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருவர் வீலை லேசாக இடமும் வலமும் அசைக்க, இன்னொருவர் ஜாயின்ட்டைப் பார்க்கணும். மேல்பக்கம் திரும்பி, கீழ்ப்பக்கம் தாமதித்தால் ஜாயின்ட் போச்சு. இரண்டும் சேர்ந்து திரும்பியும் டயர் அசையலைன்னா, கோளாறு ஸ்டியரிங் பாக்ஸிலோ டை ராடு எண்டிலோ இருக்கலாம்.

வெல்டிங் ஏன் கூடாது?

மடங்கித் திரும்ப வேண்டிய ஜாயின்ட்டை வெல்டிங் இறுக்கிவிடும். சூடுபட்ட இரும்பும் பலமிழந்து, ஒருநாள் சொல்லாமல் முறியும். புது ஷாஃப்ட் மாற்றுவது மலையைப் புரட்டும் வேலை இல்லை. டயரை நேராக்கி, பழைய ஷாஃப்ட் இருந்த நிலையைக் குறித்து, வீல் சுற்றாமல் கட்டி வைத்து மாற்றணும். போல்ட் அதற்கான பள்ளத்தில் உட்கார்ந்து, சரியாக முறுக்கப்பட்டதான்னு பார்க்கணும்.

2012-இல் டொயோட்டா உலகம் முழுக்க சுமார் 27.7 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்கு முக்கியக் காரணம், ஸ்டியரிங்கின் இடைத்தண்டு தேயலாம் என்ற அச்சம். பழைய பிக்-அப்பை அப்படி யாரும் கூப்பிட மாட்டாங்க.

ஒரே வண்டியை நம்பியிருப்பவருக்கு ஒருநாள் நிறுத்தினாலே டியூ இடிக்கும். நியாயம்தான். ஆனால், பிரேக் போனால் கியரைக் குறைத்துச் சமாளிக்கக் கொஞ்சமாவது வாய்ப்பு இருக்கு. ஷாஃப்ட் கழன்றால் அதுவும் இல்லை. ஊரில் அப்பாவோ மாமாவோ பழைய பிக்-அப் ஓட்டினால், அடுத்த டியூவுக்கு முன்னாடி ஷாஃப்ட்டுக்குப் பணம் அனுப்புங்க.