கேமரா முதலில், பாட்டு பிறகு

காலையில் காரை ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் கியர் போடுகிறீர்கள். பின்னால் இருப்பதைக் காட்ட வேண்டிய திரையில் கார் நிறுவனத்தின் சின்னம்தான் தெரிகிறது. படம் வருவதற்குள் கார் நகரத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் பின்னால் ஒரு குழந்தை நின்றிருந்தால்?

அமெரிக்கா இதற்கு விதியே வகுத்துள்ளது. 2018 மே மாதம் முதல் அங்கு விற்பனைக்கு வரும் புதிய கார்களில் பின்புறக் கேமரா கட்டாயம். ரிவர்ஸ் கியர் போட்ட 2 வினாடிக்குள் படம் திரையில் வந்துவிட வேண்டும்.

அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது ஒரு சிறிய கணினி. பல கார்களில் அது லினக்ஸிலோ, லினக்ஸ் கெர்னலின் மேல் கட்டப்பட்ட ஆண்ட்ராய்டிலோ இயங்குகிறது. நம் வீட்டு வைஃபை ரவுட்டர்கள் பலவும் இதே ரகம்தான். இவை தயாராகத் தாமதமானால், "சில்லு பழையது, புதிய மாடல் வாங்குங்கள்" என்பார்கள். அந்தப் பதிலை நாம் அப்படியே ஏற்கக் கூடாது. பல நேரங்களில் குறை சில்லின் வேகத்தில் இல்லை, வேலைகளைச் செய்யும் வரிசையில்தான் இருக்கிறது.

லினக்ஸ் தொடங்கும்போது நடப்பதைப் பாருங்கள். முதலில் கெர்னல் இயங்கி, இணைக்கப்பட்டுள்ள சாதனங்களைக் கண்டறிந்து ஒவ்வொன்றையும் அறிவிக்கிறது. ஆனால் அந்த அறிவிப்புகளைக் கேட்க வேண்டிய யூடெவ் என்ற நிரல் அப்போது இன்னும் தொடங்கியிருக்காது. அது தொடங்கியதும், எல்லாவற்றையும் மறுபடி அறிவிக்குமாறு கெர்னலைக் கேட்கிறது. மாணவர்கள் பெயர் சொல்லி முடித்த பிறகு வகுப்புக்கு வந்த ஆசிரியர், மீண்டும் முதலிலிருந்து வருகை எடுப்பது போன்றது இது. நூற்றுக்கணக்கான அறிவிப்புகள் வரலாம். ஒவ்வொன்றையும் நீண்ட விதிப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மேசைக் கணினியில் இது நமக்குத் தெரிவதில்லை. சிறிய சில்லில் வினாடிகள் கரைந்துவிடும்.

இதற்கு வழிகள் உண்டு. 2009இல் வெளிவந்த 2.6.32 பதிப்பிலிருந்து, சாதனங்களுக்கான கோப்புகளைக் கெர்னலே உருவாக்கிக்கொள்ள முடியும். யூடெவுக்காகக் காத்திருக்காமல் கேமரா நிரலைத் தொடங்கிவிடலாம். மறு அறிவிப்பையும் முதலில் திரைக்கும் கேமராவுக்கும் மட்டும் கேட்டுவிட்டு, புளூடூத், யுஎஸ்பி, பாட்டு ஆகியவற்றைப் பிறகு கேட்கலாம். அந்தக் கருவிக்குத் தேவையில்லாத விதிகளை நீக்கலாம். ஒன்றையொன்று சாராத சாதனங்களை ஒரே நேரத்தில் தயார்செய்யலாம்.

இது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல. 2008இல் இன்டெல் பொறியாளர்கள் அர்ஜன் வான் டி வென், ஆவ்கே கோக் இருவரும் ஆசுஸின் விலை மலிவான ஈ பிசி மடிக்கணினியை 5 வினாடியில் தொடங்கிக் காட்டினார்கள். "கொஞ்சம் வேகமாக்குவோம்" என்று அவர்கள் தொடங்கவில்லை. மொத்தம் 5 வினாடி என்று முதலில் முடிவு செய்து, கெர்னலுக்கு 1 வினாடி என்பதுபோல் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரத்தைப் பங்கிட்டார்கள்.

வரிசையை மாற்றினால் கோளாறு வரும் என்ற அச்சம் நியாயமானதே. கேமரா தயாராகும் முன்பே அதன் நிரல் தொடங்கினால் திரை கறுப்பாகவே நின்றுவிடலாம். கணினியை அணைக்காமல் உறக்க நிலையில் வைப்பதும் ஒரு வழி. ஆனால் அது பேட்டரியைத் தின்னும். பேட்டரி மாற்றிய பின் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது உதவவும் செய்யாது. எனவே சோதனைக்குச் செலவு ஆகத்தான் செய்யும். அந்தச் செலவு நிறுவனத்துடையது. அதைத் தவிர்த்துவிட்டு நம்மைக் காத்திருக்க வைப்பது சரியல்ல.

அடுத்த முறை கார் வாங்கப் போகும்போது இருக்கையின் தோலை மட்டும் தடவிப் பார்க்காதீர்கள். இரவு முழுவதும் அணைந்திருந்த காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். உடனே ரிவர்ஸ் கியர் போட்டு வினாடிகளை எண்ணுங்கள். இரண்டைத் தாண்டினால், ஏன் என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். வாங்குபவர் கேட்காத வரை வரிசையை மாற்ற யாரும் அவசரப்படப் போவதில்லை.