மானுக்கு விதைத்த சோயா

அமெரிக்க வேட்டைக்காரர்கள் வெள்ளைவால் மான்களுக்கென்றே காட்டோரம் தீவனச் சோயா விதைக்கிறார்கள். (அன்னதானம் அல்ல, இலையுதிர் காலத்தில் துப்பாக்கி வரும்.) 2012 போல மழை பொய்த்த ஆண்டுகளில் பயிர் கெட்டால் பழி முழுவதும் வானத்தின் மேல். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆணிவேர் இறங்கிவிட்டால் சோயா ஓரளவு தாக்குப்பிடிக்கும். உச்சி வெயிலில் இலையைத் திருப்பி, வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டி நிற்கும். ஆனால் இளஞ்செடியின் வித்திலைக்குக் கீழே மான் கடித்துவிட்டால் அவ்வளவுதான். மறுபடி துளிர்க்கக் கணுவே இல்லை. வறட்சியில் வளர்ச்சி மந்தம், சுற்றுக்காட்டில் பச்சை அரிது, மான் கூட்டமோ அப்படியே. அரை ஏக்கர் சோயா எந்த மூலைக்கு? புது ரக விதைக்குக் கொட்டும் பணத்தில் முதல் சில வாரங்களுக்கு மின்வேலி போடலாம். இல்லையென்றால், பெரிய கொம்பையே குறிவைக்காமல் பெண் மான்களையும் கொஞ்சம் குறைக்கட்டும்.