வட்டக்களரிக்குள் ஒரு கமரா

முப்பரிமாணப் பதிவு என்பது ஒரு பொருளையோ இடத்தையோ கணினிக்குள் மீளக் கட்டியெழுப்பும் முறை. கற்சிலையொன்றைச் சுற்றிவந்து, ஒன்றின் விளிம்பு மற்றதில் படியும்படி பல படங்கள் எடுத்தால், அவற்றில் பொதுவாகத் தெரியும் புள்ளிகளை இனங்கண்டு மென்பொருள் உருவத்தை அமைத்துவிடும். தொடக்க முயற்சிக்கு நல்லதொரு கைத்தொலைபேசியே போதும். மெய்நிகர் கண்ணாடி அணிபவர் அந்த உருவத்தைச் சுற்றி நடந்தும் பார்க்கலாம். 2001இல் ஆப்கானிஸ்தானின் பாமியன் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்ட பின், 2003இல் தொடங்கிய சைஆர்க் நிறுவனம் உலகின் தொன்மைச் சின்னங்களை இவ்வாறு பதிந்துவருகிறது. நாமும் இத்தகைய இழப்பை அறிவோம்: யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் நூலகம் திட்டம் இணையத்தில் சேர்த்துவருகிறது. வன்னிப் பகுதியின் செல்வமோ கூத்திலும் சடங்கிலும் வாய்மொழியிலுமே அதிகம். முல்லைத்தீவுக் கோவலன் கூத்து வட்டக்களரி எனும் வட்டமான ஆடுகளத்தில் ஆடப்படுவது. ஒரு பக்கம் நிற்கும் கமரா பாதியைத் தவறவிடும்; கூத்தை நெறிப்படுத்தும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு அருகே வைக்கும் 360 பாகைக் கமரா ஆட்டக்காரரின் காலடியையும் பிற்பாட்டுக்காரரையும் சுற்றியிருக்கும் சனத்தையும் ஒருங்கே பிடிக்கும். இறுதிப் போரில் இடம்பெயர்ந்து மீண்ட ஸ்கந்தபுரம் போன்ற ஊர்களில் ஆவணங்களைவிட முதியோரின் நினைவே பெரிய ஆதாரம். விலையுயர்ந்த மெய்நிகர் கண்ணாடிகள் பிறகு வரட்டும். ஊரவரின் சம்மதத்தோடு அண்ணாவிமாரையும் முதியோரையும் இப்போதே பதியவேண்டும். அந்தப் பதிவின் ஒரு பிரதி ஊர்ப் பாடசாலையில் இருக்கவேண்டும்.